பேச வைக்கும் அறை

(பல்கலைக்கழக மொழித்துறை ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல்கலைக்கழகத்தில் மொழி கற்பிப்பதற்குச் செயற்கை நுண்ணறிவோடு கூடிய மெய்நிகர் வகுப்பறையை எப்படி வடிவமைப்பது என்பது எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. இதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் கருவியிலிருந்து தொடங்குகிறோம். எந்த ஹெட்செட் வாங்குவது, எத்தனை திரை வைப்பது, எந்த மென்பொருளுக்கு எவ்வளவு உரிமக் கட்டணம் என்று பேச்சு போகிறது. நான் மாணவரின் வாயிலிருந்து தொடங்குகிறேன். முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேர வகுப்பில், புது மொழியில் வாய் திறந்து பேச ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அதுவும் ஆசிரியர் அந்த மணி முழுவதும் மௌனமாக இருந்தால்தான். மூன்றாண்டு படித்துத் தேறியவர் அந்த மொழி பேசும் ஊரில் இறங்கி வழி கேட்கத் திணறுகிறார் என்றால் அதில் வியப்பில்லை.

இந்தக் குறையை மெய்நிகர் வகுப்பறை தீர்க்கும் என்று நான் நம்புகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மாணவர் தட்டுத்தடுமாறிச் சொல்வதை எல்லாம் அந்த அறை உடனுக்குடன் புரிந்துகொண்டு தலையாட்டக் கூடாது. இன்றைய செயற்கை நுண்ணறிவு அதைத்தான் மிக நன்றாகச் செய்கிறது. நம் வடிவமைப்பின் முதல் சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. அதிர்ந்துபோன அமெரிக்கா மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றி, அறிவியலோடு அயல்மொழிக் கல்விக்கும் பணத்தைக் கொட்டியது. அந்தப் பணத்தில் கல்லூரிகள்தோறும் மொழி ஆய்வகங்கள் எழுந்தன. தடுப்பு வைத்த இருக்கைகள், ஹெட்ஃபோன், ஒலிநாடா. நாடாவில் ஒரு குரல் வாக்கியத்தைச் சொல்லும்; மாணவர் திருப்பிச் சொல்வார். சரியாகச் சொன்னாலும் தவறாகச் சொன்னாலும் நாடா அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும். யாரும் கேட்காத பேச்சில் மாணவர்களுக்குச் சலிப்பு வந்தது. ஆய்வகங்கள் பலவும் பூட்டிக் கிடந்தன.

1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில், அதீனா மொழிக் கல்வித் திட்டத்தின் கீழ், வேறு விதமான ஒரு முயற்சி நடந்தது. ஜில்பெர்த் ஃபர்ஸ்டன்பர்க் உருவாக்கிய பிரெஞ்சு வீடியோ பாடம் அது. பாரிஸில் பிலிப் என்ற இளம் பத்திரிகையாளர். காதலி வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டாள். தங்க இடம் தேட வேண்டும். மாணவர் அவருக்கு உதவ வேண்டும். விளம்பரங்களைப் படிக்கலாம், தொலைபேசியில் பதிவான செய்திகளைக் கேட்கலாம், காலியாக இருக்கும் வீடுகளுக்குள் போய்ப் பார்க்கலாம். மாணவர் எடுக்கும் முடிவைப் பொறுத்துக் கதை மாறும். இந்தப் பாடத்தில் இலக்கணப் பயிற்சி என்று தனியாக எதுவும் முன்னால் வந்து நிற்பதில்லை. ஒரு மனிதனுக்கு வீடு கிடைக்க வேண்டும், அதற்குப் பிரெஞ்சு வேண்டும். மொழிப் பாடத்துக்குள் ஒரு காரியத்தைக் கொண்டுவந்து வைத்த அருமையான வேலை. ஆனாலும் அந்த வீடியோவுக்குக் காது கிடையாது. மாணவர் பேசினால் பிலிப்புக்குக் கேட்காது.

காது கிடைத்தது பின்னால்தான். நியூயார்க் மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரில் ரென்சலேயர் பாலிடெக்னிக் என்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. அது ஐ.பி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து 2015இல் ஓர் ஆய்வகத்தைத் தொடங்கியது. சீன மொழியான மாண்டரினைக் கற்பிக்கும் மாண்டரின் திட்டம் அங்கே வளர்ந்தது. மாணவர்கள் ஓர் அறைக்குள் போவார்கள். சுற்றிலும் 360 பாகைக்கு வளைந்து நிற்கும் திரை. அதில் சீன உணவகம் தெரியும். இன்னொரு நாள் கடைத்தெரு. இன்னொரு நாள் தை ச்சி உடற்பயிற்சி பயிலும் தோட்டம். தலையில் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பலர் ஒன்றாக நிற்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்கலாம். பேச்சை மைக்குகள் வாங்குகின்றன; கை எதைச் சுட்டுகிறது என்பதை உணரிகள் கவனிக்கின்றன. திரையில் இருப்பவரிடம் மாணவர் மாண்டரினில் உணவு கேட்கிறார், விலை பேசுகிறார். அவர் பதில் சொல்கிறார். 2019 கோடையில் இதை மாணவர்களுக்கு ஒரு பாடமாகவே நடத்தினார்கள்.

அந்த அறையில் என்னைக் கவர்ந்தது பெரிய திரை அல்ல. அங்கே இன்னொரு சிறிய வசதி இருந்தது. மாணவர் ஒரு சொல்லைச் சொன்னதும் அவருடைய குரல் ஏறி இறங்கிய தடம் ஒரு கோடாகத் தெரியும். பக்கத்திலேயே அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவரின் குரல் கோடு. இரண்டையும் ஒப்பிட்டு மாணவர் மறுபடி சொல்லிப் பார்க்கலாம்.

இது ஏன் முக்கியம் என்பதை அருகில் போய்ப் பார்ப்போம். மாண்டரினில் குரலின் ஏற்ற இறக்கம் பொருளையே மாற்றிவிடும். மாண்டரின் கற்பவர்களிடையே அடிக்கடி சொல்லப்படும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஷுய்ஜியாவ் என்று, முதல் அசையில் குரல் மேலே ஏறி அடுத்த அசையில் தாழ்ந்து ஒலித்தால், அது வேகவைத்த கொழுக்கட்டை போன்ற ஓர் உணவு. அதே ஒலிகளை, இரண்டு அசையிலும் குரல் சட்டென்று மேலிருந்து கீழே விழும்படி சொன்னால், தூங்குவது என்று பொருள். உணவகத்தில் மாணவர் குரல் விழும்படி சொல்லிவிட்டார் என்று வையுங்கள். இன்றைய பேச்சுணர் மென்பொருள் என்ன செய்யும்? அது ஒலியை மட்டும் கேட்பதில்லை. முன்னும் பின்னும் என்ன சொற்கள் வந்தன, இந்த இடத்தில் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்றும் கணக்குப் போடுகிறது. "எனக்கு ஒரு தட்டு" என்று தொடங்கிய வாக்கியத்தில் தூக்கம் வராது, உணவுதான் வரும் என்று முடிவு செய்து, கொழுக்கட்டை என்றே எழுதிவிடும். அந்த எழுத்து உரையாடல் மென்பொருளுக்குப் போகிறது. "இதோ கொண்டுவருகிறேன்" என்று இனிமையாகப் பதில் வருகிறது. மாணவர் மகிழ்ச்சியோடு வெளியே போகிறார். அவர் செய்த தவறு, பேச்சு எழுத்தாக மாறிய அந்தக் கணத்திலேயே துடைக்கப்பட்டுவிட்டது. பதில் சொன்ன இயந்திரத்துக்கும் அது தெரியாது, மாணவருக்கும் தெரியாது.

2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் விஸ்பர் என்ற பேச்சுணர் மென்பொருளை வெளியிட்டது. 6,80,000 மணி நேர ஒலிப்பதிவைக் கொண்டு பயிற்றப்பட்டது அது. இரண்டு மாதம் கழித்து அதே நிறுவனத்தின் உரையாடல் மென்பொருளான சாட்ஜிபிடி வந்தது. இவ்விரண்டுக்கும் பிறகு உரையாடும் பாத்திரங்களை உருவாக்குவது எளிதாகிவிட்டது. முன்பெல்லாம் மாணவர் என்னென்ன கேட்கக்கூடும் என்று ஊகித்து ஒவ்வொரு பதிலையும் எழுதிவைக்க வேண்டும். இன்று அந்த வேலை இல்லை. ஆனால் இந்த மென்பொருள்கள் எல்லாம் பயனருக்கு உதவுவதற்கென்றே பழக்கப்பட்டவை. உடைந்த வாக்கியத்தை ஒட்டவைத்துக்கொள்வதும், சொல்லாமல் விட்டதை நிரப்பிக்கொள்வதும் அவற்றின் திறமை. கடிதம் எழுத உட்கார்ந்தவருக்கு அது வரம். மொழி கற்கிறவருக்கு அதே திறமை தடையாகிறது.

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. 1965இல் கனடாவின் மாண்ட்ரியால் அருகே செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள் தங்கள் குழந்தைகளுக்குப் பிரெஞ்சிலேயே எல்லாப் பாடமும் நடத்தும் வகுப்பை வற்புறுத்திப் பெற்றார்கள். மொழிக்குள் ஆழ்த்திக் கற்பிக்கும் முறைக்கு உலகம் முழுவதும் காட்டப்படும் முன்மாதிரி அது. குழந்தைகள் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் வியக்கத்தக்க தேர்ச்சி பெற்றார்கள். ஆனால் இப்படிப்பட்ட வகுப்புகளில் ஆண்டுக்கணக்கில் படித்த மாணவர்களை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின், அவர்களுடைய பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் நீங்காமல் இருப்பதைக் கண்டார். 1985இல் அவர் முன்வைத்த விளக்கம் இன்றும் நமக்கு வழிகாட்டுகிறது. நிறையக் கேட்டால் மட்டும் போதாது. தெளிவாகவும் சரியாகவும் சொல்லியே தீர வேண்டிய நெருக்கடி மாணவருக்கு வர வேண்டும். அரைகுறையாகச் சொன்னதையே எல்லோரும் புரிந்துகொண்டால் அந்த நெருக்கடி வராது.

இன்னொரு கனடா ஆய்வு, ராய் லிஸ்டரும் லைலா ராண்டாவும் 1997இல் வெளியிட்டது. பிரெஞ்சு ஆழ்முறை வகுப்புகளில் ஆசிரியர்கள் பிழையைத் திருத்தும் விதங்களை அவர்கள் வகைப்படுத்தினார்கள். திருத்தங்களில் 55 விழுக்காடு ஒரே வகை: மாணவர் தவறாகச் சொன்னதை ஆசிரியர் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போவது. மாணவர் தானே திருத்திக்கொள்ள மிகக் குறைவாகத் தூண்டியதும் அந்த வகைதான். மாணவரின் காதில் அது "ஆமாம், சரி" என்று சொன்னது போலத்தான் விழுகிறது. "என்ன சொன்னாய், புரியவில்லை" என்று கேட்டபோதும், வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி மாணவரே முடிக்கும்படி விட்டபோதும் அவர் தன் பேச்சைத் தானே திரும்பப் பார்த்தார். இன்று ஒரு சாட்பாட்டிடம் தவறான வாக்கியம் சொல்லிப் பாருங்கள். சரியான வடிவத்தைத் தன் பதிலுக்குள் மென்மையாகச் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடும். பயன் குறைந்த திருத்த முறையையே இயந்திரம் தன் இயல்பாகக் கொண்டிருக்கிறது. நாம் சொல்லிவைக்காவிட்டால் அது மாறாது.

இனி வடிவமைப்புக்கு வருகிறேன். நான்கு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, அறைக்குள் நுழைபவருக்கு ஒரு காரியம் இருக்க வேண்டும். "உணவகத்தில் உரையாடுக" என்பது காரியம் ஆகாது. நான்கு பேர் சாப்பிட வேண்டும், ஒருவர் இறைச்சி சாப்பிடமாட்டார், ஒருவருக்கு வேர்க்கடலை ஒவ்வாது, கையில் இருப்பது இவ்வளவு பணம் என்றால் அது காரியம். பேச்சில் பிழை நேர்ந்தால் வேறு தட்டு வந்து சேரும்; பணம் போதாமல் போகும். அந்த விளைவுதான் மாணவரை மறுபடி யோசித்துச் சொல்ல வைக்கும்.

இரண்டாவது, அறைக்கு இரண்டு காது வேண்டும். ஒன்று பொருளைப் பிடிக்கும் காது. மற்றது, எழுத்தாக மாற்றுவதற்கு முன்பே ஒலியை அளந்து, குரலின் ஏற்ற இறக்கத்தையும் நெடில் குறில் அளவையும் கவனிக்கும் காது. ரென்சலேயர் அறையின் குரல் கோடு அப்படிப்பட்ட இரண்டாவது காது. இரண்டும் சொல்வதை வைத்து, திரையில் இருக்கும் பாத்திரம் நடந்துகொள்ளும் விதத்தைப் படிப்படியாக வகுத்துக்கொள்ளலாம். சிறு பிழை என்றால் போகட்டும் என்று விடலாம். இந்த வாரப் பாடத்துக்குரிய பிழை என்றால் "என்ன கேட்டீர்கள்?" என்று நிற்க வேண்டும். மறுபடியும் தவறினால் "இதுவா, அதுவா?" என்று இரண்டைக் காட்ட வேண்டும். அப்போதும் முடியவில்லை என்றால் மட்டுமே சரியான வடிவத்தைச் சொல்லித்தர வேண்டும். எந்தப் பிழைக்கு நிற்பது, எதை விடுவது என்று முடிவு செய்பவர் ஆசிரியர். அதை மென்பொருள் நிறுவனத்திடம் விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, இயந்திரத்தோடு மட்டும் பேசும் அறையாக அது ஆகிவிடக் கூடாது. இரண்டு மாணவர்களை உள்ளே அனுப்புங்கள். ஒருவருக்கு மட்டும் உணவுப் பட்டியல் தெரியட்டும். மற்றவருக்கு மட்டும் கையிருப்புப் பணம் தெரியட்டும். ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லாமல் காரியம் நடக்காது. அப்போது மாணவர்கள் தங்களுக்குள்ளேயே அந்த மொழியில் பேசத் தொடங்குவார்கள். நான் முதலில் சொன்ன இரண்டு நிமிடக் கணக்கு அப்போதுதான் மாறும்.

நான்காவது, அதே இடத்துக்கு மறுபடி மறுபடி போக வேண்டும், ஆனால் அது அப்படியே இருக்கக் கூடாது. முதல் நாள் பொறுமையான இளைஞர் பரிமாறினார். அடுத்த வாரம் வேகமாகப் பேசும் முதியவர். அதற்கடுத்த வாரம் கேட்ட பண்டம் தீர்ந்துபோயிருக்கும். மனப்பாடம் செய்த வாக்கியத்தோடு உள்ளே போனவர் வேறு வாக்கியம் ஒன்றை அங்கேயே கட்ட வேண்டிவரும். உரையாடல் மென்பொருளின் உண்மையான பலம் இங்கேதான் பயன்படும். ஒரே காட்சியை நூறு விதமாக மாற்றித்தர அதனால் முடியும்.

இப்படித் தடை வைத்தால் மாணவர் மிரண்டுபோகமாட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மொழி வகுப்பில் வரும் அச்சம் தனி வகையானது என்பதை எலைன் ஹார்விட்ஸும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1986இல் எடுத்துக்காட்டி, அதை அளக்க 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றையும் தந்தார்கள். அந்த அச்சத்தில் பெரும்பகுதி, சக மாணவர் சிரித்துவிடுவாரோ, ஆசிரியர் எல்லோர் முன்பும் திருத்திவிடுவாரோ என்பதுதான். மெய்நிகர் அறையில் அந்தக் கூட்டம் இல்லை; உடன் இருப்பது ஒரு மாணவர்தான். பரிமாறுபவர் பத்தாவது முறையும் முகம் சுளிக்காமல் கேட்பார். அவமானம் இல்லாத இடத்தில்தான் தடையைத் துணிந்து வைக்க முடியும். நேர் வகுப்பில் நாம் செய்யத் தயங்கும் திருத்தத்தை அங்கே செய்யலாம்.

ஆனால் புரியவில்லை என்று சொல்லும் இயந்திரம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குறை மாணவரின் நாவிலா, இயந்திரத்தின் காதிலா? ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020இல் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சுணர் மென்பொருள்களைச் சோதித்தார்கள். அமெரிக்காவில் வெள்ளையர் பேசும்போது சராசரியாக 100 சொல்லுக்கு 19 பிழை வந்தது. கறுப்பினத்தவர் பேசும்போது 35. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமே இந்த வேறுபாடு என்றால், வேற்று மொழியைப் புதிதாகப் பழகுபவர்களின் கதி என்னவாக இருக்கும்? ஆகவே இந்த அறை மாணவரின் பேச்சை அளந்து ஏதேனும் எண் தந்தால், அதைத் தேர்வு மதிப்பெண்ணாக எழுதக் கூடாது. இன்னொன்று, மாணவரின் குரல் அவருடைய உடைமை. எவ்வளவு காலம் சேமிப்போம், யார் கேட்பார்கள், எப்போது அழிப்போம் என்பதை முதல் நாளே அவருக்கு எழுத்தில் தர வேண்டும்.

ஆசிரியரின் இடம் இதனால் குறையாது, கூடும். அறையில் நடந்த பேச்சின் பதிவு மறுநாள் அவர் மேசைக்கு வரும். மாணவர்கள் ஒவ்வொருவரும் எங்கே நின்றார்கள், எந்தச் சொல்லைச் சுற்றிச் சுற்றித் தவிர்த்தார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த நாள் வகுப்பை அங்கிருந்தே தொடங்கலாம். மொழி ஆசிரியருக்கு இவ்வளவு துல்லியமான தகவல் கிடைப்பது அரிது.

கடைசியாக, இது தமிழுக்கு எப்படிப் பொருந்தும் என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா, பெர்க்லி, சிகாகோ என்று பல பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பித்திருக்கிறார்கள். இந்தியவியல் ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனம் தமிழ் கற்க வரும் மாணவர்களுக்கு மதுரையிலேயே வகுப்பு நடத்துகிறது. அப்படி வரும் ஒரு மாணவருக்கு மெய்நிகர் அறையில் என்ன காரியம் தரலாம்? மதுரையில் வாடகைக்கு வீடு பிடிக்கச் சொல்லலாம். அவர் போய்க் கதவைத் தட்டுகிறார். "வணக்கம் அம்மா, வீடு வாடகைக்குக் கிடைக்குமா?" என்று பாடப்புத்தகத் தமிழில் கேட்கிறார். வீட்டுக்கார அம்மா சொல்கிறார்: "வீடு பாக்க வந்தீங்களா தம்பி? எத்தன பேரு இருப்பீங்க? அட்வான்ஸ் அஞ்சு மாசம், கரண்டு பில்லு தனி. தண்ணி காலையில ஒரு நேரந்தான் வரும். கவுச்சி சமைப்பீங்களா?" புத்தகத்தில் மட்டும் தமிழ் படித்தவர் இதில் பாதிக்கு மேல் தவறவிடுவார். இந்த அம்மாதான் அறைக்குள் இருக்க வேண்டும்.

இன்றைய மென்பொருளிடம் அந்த அம்மாவாகப் பேசு என்று கேட்டால், எத்தனை நபர்கள் வசிக்கப் போகிறீர்கள் என்று எழுத்துத் தமிழில் கேட்கும் ஆபத்து நிறைய இருக்கிறது. அது படித்தது பெரும்பாலும் எழுதிவைத்த தமிழ். பேச்சுத் தமிழ் அதிகம் எழுதப்படுவதில்லை. எழுதப்பட்டாலும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. எங்கே தம்பி என்பது, எங்கே சார் என்பது, "போறேன்" என்று சொல்லாமல் "போயிட்டு வரேன்" என்று ஏன் விடைபெறுகிறோம் என்பதெல்லாம் எந்த வெளிநாட்டு நிறுவனமும் நமக்காகச் சேகரித்துத் தரப்போவதில்லை. கடைக்காரர், வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டுநர், ரேஷன் கடை ஊழியர் ஆகியோரின் பேச்சை அவர்களுடைய இசைவோடு பதிவு செய்து, பேசியது பேசியபடியே எழுத்தாக்கி, வட்டாரம் குறித்துத் தொகுக்க வேண்டும். நம் மொழித்துறை ஆய்வு மாணவர்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது. எந்த மெய்நிகர் தமிழ் வகுப்பறைக்கும் இதுதான் அடித்தளம்.

எனவே இந்த அவையில் இருக்கும் துறைத்தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கருவி வாங்க நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால், உங்கள் மாணவர்கள் கற்கும் மொழியில் நடத்திக்காட்ட வேண்டிய பத்துக் காரியங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் அறை எந்த இடத்தில் புரியவில்லை என்று நிற்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அவற்றை முதலில் சாதாரண வகுப்பறையில், இரண்டு மாணவர்களையும் ஒரு மேசையையும் வைத்து நடத்திப் பாருங்கள். மேசையைச் சுற்றி நடத்தி வெற்றி பெற்ற பாடம் திரைக்குள் போனால் இன்னும் வளரும். மேசையில் தோற்ற பாடத்தை எவ்வளவு விலையுள்ள திரையாலும் காப்பாற்ற முடியாது. இந்த வேலையை வரும் பருவத்திலேயே தொடங்க முடியும். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.